மூடிய கடைக்கால்

எண்பதுகளின் இறுதியில் பாரிவாக்கத்தை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஒரு தமிழ் நாளிதழுக்கு ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் செய்திகளை அனுப்புவது என் வேலை. தெருக்கோடியில், என் வீட்டுச் சுவரை ஒட்டி, ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. பள்ளி என்பது ஒரு கீற்றுக் கொட்டகை, நடுவில் மூங்கில் தட்டி, இரண்டு ஆசிரியைகள், ஐந்து வகுப்புகள். ஐப்பசியில் மழை பிடித்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் உத்தரவு போடவேண்டியதில்லை, கூரையே பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒரு மழைக்குப் பிறகு கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். கீற்றுக் கூரையின் கீழ் பள்ளி நடத்துவது ஆபத்து என்றார். அடுத்த கல்வியாண்டும் முடிந்து பள்ளி திறக்கும்போது கட்டடம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கரையான்சாவடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்றும் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும். லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் ஓயாமல் போகும் சாலை அது.

இந்தச் செய்தி எல்லோரையும்விட ஒருவரை அதிகம் பாதித்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலை பார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டர்னர்தான். அவருடைய அப்பா காலம்வரை பக்கத்துக் கழனிகளில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய மகளுக்கு இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. காலில் இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, வீடுகளின் மதில்களைப் பிடித்தபடி, தானாகவே அவள் நடந்து போகக்கூடிய ஒரே இடம் அந்தப் பள்ளிதான். பள்ளி போய்விட்டால் அவள் படிப்பும் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊரார் மனுக் கொடுத்தார்கள். கோடையில் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவுக்கு வந்த ஒன்றியத் தலைவர், பள்ளிக்கூடத்துக்குச் சாங்ஷன் ஆகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அன்று மாலையே டர்னர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணாத்தே, சாங்ஷன் ஆயிடுச்சு. பேப்பர்ல போடு."

"உத்தரவு நம்பர் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க, போடறேன்."

"தலைவரு மைக்ல சொல்லிக்கீறாரு. அதுக்கு மேல இன்னா நம்பரு?"

விசாரித்தேன். தலைவர் பொய் சொல்லவில்லை. பணம் ஒதுக்கலாம் என்ற அனுமதி வந்திருந்தது. ஆனால் எங்கே, எந்த அளவில், என்ன செலவில் கட்டுவது என்று பொறியாளர் ஒப்புதல் தரவேண்டும். அதற்குப் பிறகு டெண்டர். அதெல்லாம் முடிந்தால்தான் ஒருவர் மண்வெட்டியைத் தூக்கலாம். டர்னரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். வைகாசிய வுட்டா ஆவணிதான். ஆனி ஆடில எவனும் கடைக்கால் போட மாட்டான். அதுவரைக்கும் கை கட்டிகினு குந்திகீறதா?"

அந்தப் பக்கத்தில் வீடு கட்டிய எல்லோருடைய கணக்கும் அதுதான். கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, நல்ல மாதத்தில் போட்டுவிட்டால் சுவர் எப்போது வேண்டுமானாலும் எழும்பலாம். அரசுக் கட்டடத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த தவறு.

வைகாசி வாஸ்து நாளில் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில் பூஜை போட்டார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த செங்கற்களை ஈசானிய மூலையில் டர்னர் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டை ஆட்களும் ஆவடித் தொழிற்சாலை ஆட்களுமாக இறங்கினார்கள். யாரோ டிரான்சிஸ்டர் கொண்டுவந்திருந்தார். சுக்கான் மண், கடப்பாரை பட்டால் கை அதிரும். பொழுது சாய்வதற்குள் இரண்டு வகுப்பறைகளுக்குக் கடைக்கால் தயாராகிவிட்டது. மூலைகள் லேத்தில் கடைந்ததுபோல் துல்லியமாக இருந்தன. பிள்ளைகள் உள்ளே இறங்கி, இது எங்கள் வகுப்பு, அது உங்கள் வகுப்பு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

பள்ளி திறந்து சில நாட்களில் ஒன்றிய ஓவர்சியர் மொபெட்டில் வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டபடியே கேட்டார்.

"இது யார் தோண்டினது?"

"நாங்கதான் சார். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் டர்னர்.

"மிச்சம் இல்லைங்க. இது காலி மனைன்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் எஸ்டிமேட் மேல போகும். இப்ப இது ஆரம்பிச்ச வேலை ஆயிடுச்சு. ஆரம்பிச்ச வேலைக்கு இந்தத் திட்டத்துல பணம் கிடையாது."

"தோண்டுனதுக்குத் துட்டே வாணாம் சார். அத்த கழிச்சிகினு மிச்சத்தக் கட்டிக் குடுங்க."

"முதல் ஐட்டமே மண் வேலைதாங்க. அது இல்லாம சுவரை எதுமேல எழுதறது? நாளைக்கு ஆடிட்ல, யாரோ செஞ்ச வேலைக்கு நான் பில் போட்டேன்னு வரும்."

கூட்டத்தில் ஒரு இளைஞன், "பாத்தியா மாமே, வேல செஞ்சது குத்தமாப் பூடுச்சு" என்றான். சிலர் சிரித்தார்கள். ஓவர்சியருக்கும் சிரிப்பு வந்தது. டர்னரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மூடிடுங்க. மூடிட்டு டீச்சர் மூலமாச் சொல்லி அனுப்புங்க. இன்னைக்கு நான் வரலைன்னு வெச்சுக்கறேன்."

மூடுவது எளிதாக இல்லை. பூஜை போட்ட பள்ளத்தைத் தூர்க்கக் கூடாது என்று பெண்கள் தடுத்தார்கள். வீட்டுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ஆகாது என்றார்கள். தலைமையாசிரியை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினார். கடைசியில் டர்னரே மூலையில் இறங்கினார். குங்குமம் அழியாத செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் சுற்றி, அருகில் நின்ற மகளிடம் கொடுக்காமல் தானே வீட்டுக்குத் தூக்கிப் போனார். அவர் திரும்பி வந்த பிறகு மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். டிரான்சிஸ்டர் இல்லை. மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அது எதைப் போல இருந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தூர்த்த இடம் மேடாகத் தெரிந்தது. அதை மறைக்கத் தலைமையாசிரியை மண்ணைப் பரப்பச் சொல்லி, மனை முழுவதும் அரைக்கீரை விதையைத் தூவினார். சத்துணவுக்கு ஆகும் என்றார். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடியில் மழையும் கொஞ்சம் பெய்தது.

ஓவர்சியர் மறுபடி வந்த அன்று நானும் இருந்தேன். சுக்கான் மண்ணில் விதை முளைக்கவில்லை. கொத்திவிட்ட மண்ணில் மட்டும் கீரை தழைத்திருந்தது. நான்கு வெளிச்சுவர்கள், நடுச்சுவர், வாசல் விட்ட இடைவெளி, எல்லாம் பச்சைக் கோடுகளாக நின்றன. ஓவர்சியர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தலைமையாசிரியை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டர்னர் ஷிப்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்.

"இது அரைக்கீரையா, சிறுகீரையா?" என்று கேட்டார் ஓவர்சியர்.

"அரைக்கீரை சார்."

"நல்லா வந்திருக்கு" என்றார். காலி மனை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒப்புதல் தை மாதம் வந்தது, ஒரு வகுப்பறைக்கு மட்டும். மனுவில் கேட்டிருந்தது இரண்டு. இந்த முறை உத்தரவு எண் இருந்ததால் செய்தி அனுப்பினேன். நான்கு வரியில் வந்தது. டர்னர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஒண்ணுன்னு போட்டுக்கீறாங்களே" என்றார். பத்திரிகையின் பிழை என்று முதலில் நினைத்துவிட்டார்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தோண்டியபோது இன்னொன்று தெரிந்தது. தூர்த்த மண் இறுகவில்லை. கடப்பாரையைச் சும்மா விட்டாலே இறங்கியது. அதன்மேல் சுவர் நிற்காது, அதற்கும் கீழே கெட்டித் தரை வரும்வரை போகவேண்டும் என்றார் ஓவர்சியர். எஸ்டிமேட்டில் உள்ள ஆழத்துக்கு மேல் நான் தோண்டமாட்டேன் என்றார் ஒப்பந்தக்காரர். இருவர் சொன்னதும் நியாயம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்களே மறுபடி இறங்கி மீதி ஆழத்தைத் தோண்டினார்கள். முதல் முறை வந்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். டர்னர் துண்டில் சுற்றிய செங்கற்களோடு வந்தார்.

"இன்னாண்ணாத்தே, பழைய கல்ல எடுத்தாந்துகீறே?" என்றார் கொத்தனார்.

"பழசு இல்லப்பா. ஒரு வாட்டி வெச்ச கல்லு."

கொத்தனார் ஒதுங்கி இடம் விட்டார்.

சித்திரையில் தளம் போட்டார்கள். ஜூனில் பள்ளி அங்கேயே திறந்தது. ஒரே அறையில் ஐந்து வகுப்புகளும் நடக்க முடியாது. சின்ன வகுப்புகள் கொட்டகையிலும், நான்காவதும் ஐந்தாவதும் புதிய அறையிலும் உட்கார்ந்தன. இருந்தாலும் கட்டடம் உள்ள பள்ளி என்று பதிவாகிவிட்டது. இணைக்கும் பேச்சு அதோடு நின்றது. வராத அறையின் இடத்தில் கீரை தொடர்ந்து வந்தது. அதைப் பிள்ளைகள் "ரெண்டாவது ரூம்" என்றே சொன்னார்கள். "ரெண்டாவது ரூம்ல போய் ரெண்டு கட்டு பறிச்சுட்டு வா" என்று தலைமையாசிரியை சொல்வது சுவருக்கு அப்பால் எனக்குக் கேட்கும்.

டர்னரின் மகள் புதிய அறையில் நான்காவதும் ஐந்தாவதும் படித்தாள். ஜன்னல் ஓரம் உட்காருவாள். சுவரைப் பிடித்து நடக்க இப்போது திண்ணென்ற சுவர் இருந்தது.

ஆறாம் வகுப்பு அங்கே கிடையாது. அது சாலைக்கு அப்பால்தான். எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்த விஷயம். டர்னர் தொழிற்பேட்டையில் பேசி நிரந்தரமாக இரண்டாம் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். காலையில் சைக்கிளில் மகளைக் கொண்டுபோய் விடுவார். மாலையில் அழைத்துவர அவர் இருக்கமாட்டார், மனைவி நடந்து போவார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கியிருப்பாள். அவளோடு பேசுவதெல்லாம் காலையில் சைக்கிளில்தான்.

ஒரு நாள் காலை கரையான்சாவடியில் சாலையோரம் அவர்களைப் பார்த்தேன். லாரிகள் ஓயக் காத்து நின்றார்கள். பின்னிருக்கையில் அவள் காலின் இரும்புச் சட்டம் சைக்கிள் சக்கரத்தில் படாமல் இருக்க ஒரு பலகை கட்டியிருந்தார்.

"எப்படிப் போகுது புது ஸ்கூல்?" என்று அவளிடம் கேட்டேன்.

"பெருசா கீது" என்றாள். "ரூமு நெறைய கீது."

டர்னர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் கட்டி ரெடியா கீது அண்ணாத்தே" என்றார். இடைவெளி கிடைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தார்.