ஷேர் ஆட்டோவில் நான்தான் ஊசி போடும் அக்கா

நாள் முழுக்கப் பால்வாடியில் இருபது பிள்ளைகளின் அழுகையைச் சமாளித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டி ஊர்ந்தது.

எதிரே அம்மா மடியில் நாலு வயதுப் பாப்பா. அவளுடைய புதுச் செருப்பில் ஒன்று காலிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து, லாரிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. அப்படி ஒரு அழுகை.

அவள் அம்மா என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார். "அழுவாதடி. அந்தக்கா நர்சு, ஊசி போட்ரும்."

பாப்பா சட்டென்று அடங்கினாள். விசும்பல் மட்டும் நிற்கவில்லை. பயத்தோடு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆட்டோவில் பேச வாயே வராது. "இறங்கணும்" என்று சொல்லத் தயங்கி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்திருக்கிறேன். இன்று பையைத் திறந்து காட்டினேன்.

"ஊசி இல்ல பாப்பா. நான் டீச்சர். செருப்பு போனா அழுகை வரும்தானே? அழு."

அழுதாள். முன்னைவிட இரண்டு மடங்கு.

"இன்னா டீச்சரம்மா, அடங்கின கொயந்தைய கெளப்பி வுட்டுட்டியே!" என்றார் டிரைவர்.

"அப்ப நீயே பாத்துக்கோ" என்று அம்மா அவளை என் மடியில் வைத்துவிட்டார்.

தேரடி ஸ்டாப் வரை அழுதாள். பிறகு அவளாகவே நிறுத்தி, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

என் ஸ்டாப் போய்விட்டது. இந்த முறை தயக்கத்தால் இல்லை.

உங்களைக் காட்டி யாராவது குழந்தையை மிரட்டியிருக்கிறார்களா? போலீஸா, பூச்சாண்டியா? ஊசி போடும் அக்கா வேஷத்தை நான் எடுத்துக்கொண்டேன்.