மாமியார் பெட்டியில் இருந்த நூலக அட்டை

கச்சிராயபாளையத்தில் நான் பிறந்த வீட்டில் இருந்தவரை அண்ணனின் அட்டையில்தான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பேன். அவன் ஒரு புத்தகத்தையாவது படித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் எங்களுக்குள் சண்டை வந்தால் முதலில் அட்டையைத்தான் பிடுங்கி வைத்துக்கொள்வான். அதனால் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் நான் முதலில் தேடிப்போனது கோயிலையோ கடைத்தெருவையோ அல்ல, நூலகத்தைத்தான். என் பேரில், என் கையெழுத்தோடு ஒரு அட்டை வேண்டும் என்று அப்படி ஒரு வெறி எனக்கு.

விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம்தான். அடியில் ஒரு கட்டம் இருந்தது. உள்ளூரில் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் பிணை கொடுக்க வேண்டுமாம். எங்கள் வீடு மாமியார் பேரில் இருந்தது. ஓடு போட்ட இரண்டே அறை. மாமனார் போன பிறகு கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போய், ஒற்றைப் பிள்ளையை வளர்த்து, அந்த வீட்டையும் விழாமல் காப்பாற்றியவர் மாமியார்தான். எழுதப் படிக்கத் தெரியாது. படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல கைநாட்டு வச்சா வூட்ட எழுதிக் குடுத்த மாரி ஆயிடுமா?”

“ஆகாது அத்தே. நான் புஸ்தகத்தத் தொலைச்சிட்டா நீங்க பதில் சொல்லணும், அவ்ளோதான்.”

“அப்ப தொலைக்காத” என்றார். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்து, நூலகர் நீட்டிய மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்திப் படிவத்தில் வைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் அட்டையை என்னிடமிருந்து வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கார்டு என்றால் அது பெட்டியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போய், “அத்தே, கார்டு” என்று நிற்க வேண்டும். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுப்பார். அண்ணனிடமிருந்து தப்பித்து இவரிடம் வந்து மாட்டிக்கொண்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிப் போவேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்தால் சீக்கிரம் போகாது. இந்த வயதிலும் அப்படித்தான்.

நான் ஏழு மாத கர்ப்பிணியாக இருந்தபோது வெடித்தது. ஒருநாள் படித்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். அது முதல் தடவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாமியார் பானையைச் சுரண்டிக் கழுவி வைத்தார். மறுநாள் பார்த்தால் புத்தகத்தைக் காணோம். ஐந்து நாள் வீடு முழுக்கத் தேடினேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியும் தாண்டிப்போனது. காணோம் என்று சொல்லப் போனபோது நூலகர் பத்துப் பேர் முன்னால் எனக்கு ஒழுங்கைப் பற்றி உபதேசம் செய்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து உலை வைக்க அரிசி டிரம்மில் படியை விட்டேன். அடியில் தட்டுப்பட்டது புத்தகம்.

“என் கார்ட உங்க பொட்டில வச்சிப் பூட்டறீங்க. என் புஸ்தகத்த அரிசிக்கடியில பொதைக்கிறீங்க. இது உங்க வூடு. இங்க எனக்குன்னு இன்னா இருக்குது?” என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்து என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் நின்ற மாமியாரிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். அட்டை அவர் பெட்டியிலேயே கிடந்தது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் டவுன் பஸ் பிடித்து வந்தார். பூவும் பழமும் பொரிகடலையும் கொண்டுவந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ‘வாம்மா, போலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் உள்ளே துணிமணியை மடித்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிப் போனதும் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கொடியில் போட்டேன். எவ்வளவு திமிர் என்று அழுகையாக வந்தது.

என் கணவர் பேச்சுக்குக் கஞ்சன். ஒவ்வொரு ஞாயிறும் வருவார், குழந்தையைக் கொஞ்சுவார், “எப்ப வர?” என்பார். நான் ஐந்தாம் மாதம் என்றேன். ஐந்தாம் மாதமும் வந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன், இனி அங்கே போவதில்லை, இங்கேயே இருந்துவிடுவது என்று. சும்மா இருக்க முடியுமா? ஊர் நூலகத்துக்குப் போய் என் பேரில் அட்டை கேட்டேன். ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் அட்டை, அங்கே மூடி எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். அட்டையை மாற்றிவிட்டால் ஆளும் மாறியாயிற்று என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். வருடம் திரும்பிவிட்டது, யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள், தானாகவே காலாவதியாகியிருக்கும், மூடுவதில் சிரமமே இருக்காது என்றும் நினைத்தேன்.

குழந்தைக்குத் தள்ளிப்போயிருந்த தடுப்பூசியைப் போட அம்மாவோடு கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வந்தவள், அப்படியே நூலகத்துக்கு நடந்தேன். அம்மா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் குழந்தையோடு உள்ளே போனேன்.

நூலகர் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். “வாம்மா, வா! கொழந்த இதுதானா? பேரு வச்சாச்சா?”

“சார், என் கார்ட மூடணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்கு மூடணும்? புதுப்பிச்சி நாலு மாசந்தானே ஆவுது?”

நான் வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பேரேட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். என் பேருக்கு நேராக, நான் ஊரில் இல்லாத அத்தனை மாதமும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்று மூன்று புத்தகங்கள் போயிருந்தன, திரும்பி வந்திருந்தன. ஒரு தேதிகூடத் தவறவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் தடவை மாமியார் காலையில் நூலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கிறார். ரேஷன் கடையில் செய்வதுபோல வாசலில் ஒரு கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அந்த வரிசையில் அந்தக் கல்லைத் தவிர வேறு யாரும் இல்லை. திறந்ததும் கார்டை நீட்டி, “இந்த வாட்டி இன்னா போட்டுக்கினு இருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். எந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகர் கேட்டதற்கு, “கார்டுக்கு எத்தினி உண்டோ அத்தினியும் குடுங்க. கம்மி பண்ணாதீங்க” என்றாராம். மெலிந்த புத்தகமாகக் கொடுத்தால் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாகக் கேட்பாராம். மாட்டு வைத்தியமும் வானசாஸ்திரமும் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன.

“படிக்கறதுக்கு ஆளு இல்லியேம்மா, எதுக்குத் தூக்கிக்கினு அலையிறீங்கன்னு கேட்டேன்” என்றார் நூலகர். “மூணு தபா வாங்காத வுட்டா கார்ட வெட்டிடுவீங்களே, எனக்குத் தெரியாதான்னு சண்டைக்கு வராங்க. அது ரேஷன் கடையிலம்மா, இங்க அப்பிடி இல்லன்னு எத்தினியோ சொல்லிப் பாத்துட்டேன். என்னயே சந்தேகமா பாக்குறாங்க.”

“புதுப்பிச்சது?”

“அதுவும் அவங்கதான். வரி ரசீதோட வந்து மறுபடியும் கைநாட்டு வச்சாங்க. அன்னிக்கு இன்னொண்ணும் கேட்டாங்க பாரு.” அவர் சிரித்தார். “பேத்தி பொறந்திருக்குது, கார்டுல பேரு சேக்கணும்னாங்க. இதுல அதெல்லாம் முடியாதும்மா, ரேஷன் கார்டுல சேருங்கன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, ‘அதுல தாயி பேரே இன்னும் ஏறலியே சார், எங்க வூட்டு அட்ரஸ்ல அந்தப் பொண்ணு பேரு போட்ட கார்டு இது ஒண்ணுதான், இதுலதான சேக்க முடியும்’னாங்க.”

அது உண்மைதான். கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும், சர்க்கரை குறைந்துபோகுமே என்று என் அம்மா என் பேரைத் தன் ரேஷன் கார்டிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றியதில்லை. இங்க எனக்குன்னு இன்னா இருக்குது என்று தெரு கேட்கக் கத்தியவள் நான். படிக்கத் தெரியாத அந்த மனுஷி அதற்குப் பதில் தேடிப் பெட்டியைத் துழாவி, என் பேர் இருக்கிற ஒரே ஒரு கார்டைக் கண்டுபிடித்து, எட்டு மாதமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

“மூடிடட்டுமாம்மா?” என்று கேட்டார் நூலகர்.

“வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அம்மாவிடம், “நீ பஸ்ஸுக்குப் போம்மா. என் துணியெல்லாம் ஞாயித்துக்கெழம அவருகிட்ட குடுத்தனுப்பு” என்றேன். அம்மா குழந்தையின் பையை என் தோளில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மாமியார் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக் குழந்தைக்காக நீட்டினார். கொடுத்தேன். குழந்தையின் தொடையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே, “ஜொரம் வரும், கவனமா பாக்கணும்” என்றார்.

“ஏன் அத்தே, அன்னிக்கு அவ்ளோ தூரம் வந்தீங்களே, என்னை ஒரு வார்த்த கூப்பிட்டீங்களா?”

“கூப்ட்டு, கோவத்துல நீ மாட்டேன்னு சொல்லிட்டின்னா? அப்பறம் அந்தப் பேச்சத் தாண்டி எப்பிடி வருவ நீ?”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு புளியை எடுத்துக் கொட்டையை நீக்கிக்கொண்டே, “படிக்கவும் தெரியாம, இந்த வெயில்ல எதுக்கு அத்தே லைப்ரரிக்கும் வூட்டுக்குமா நடந்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் குழந்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வாங்காத வுட்டா ஆளு இல்லன்னு எழுதிடுவாங்க. நீ இருக்கறப்ப அப்பிடி எப்பிடி எழுத வுடறது?”