ஏறியது மூன்று பேர்

நான் படித்தது இயற்பியல். மீட்டர் காட்டாததை நம்பக் கூடாது என்று பழகியவள். அதனால் அன்று பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் ஷிப்ட் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எங்கள் மாநிலம் சின்னது. வயல்கள், மலைகள், நடுவில் ஓர் ஆறு. அந்த ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் நிலையத்தில் இரண்டு டர்பைன்கள் சுற்றினால்தான் பாதி மாநிலத்துக்கு விளக்கு எரியும். நான் அங்கே கன்ட்ரோல் ரூமில் உதவியாளர். ஷிப்டில் என்னோடு இன்ஜினியர் சார் ஒருவர்தான். எனக்கு இந்த வேலையில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஃபோனில் பேசுவது.

ஆனால் வேலையே ஃபோனில்தான் நடக்கிறது. லைனில் ஏறுகிறவர் எங்களிடம் ‘லைன் கிளியர்’ வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். நாங்கள் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, கைப்பிடியில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு ஓர் எண் கொடுப்போம். வேலை முடிந்ததும் வாங்கியவரே கூப்பிட்டு அதே எண்ணைச் சொல்ல வேண்டும். ஏறியது எத்தனை பேர், இறங்கியது எத்தனை பேர் என்று நாங்கள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறக்கலாம். ஆள்கணக்கை யாரும் கேட்பதில்லை. எண் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று நானும் கேட்டதில்லை.

அன்று மாலை ஷிப்ட். நாலு மணியிலிருந்தே மழை கொட்டியது. 5:20-க்கு மூன்றாவது லைன் விழுந்தது. மரக்கிளை. அந்த லைனில்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

5:38-க்கு ஃபோன். என் தாய்மாமா. லைன்மேன்.

“என்ன சயின்ஸு, சுகமா உக்காந்து கரண்ட் காய்ச்சுறியா? லைன் கிளியர் குடு. நாங்க மூணு பேர் ஏறப் போறோம்.”

பின்னால் மழை தகரத்தில் விழுவதுபோல் இரைந்தது. சுவிட்சை இறக்கினேன். பூட்டினேன். அட்டையை மாட்டினேன். எண் பதினேழு கொடுத்தேன். சாவி என் கையில்.

5:58. மூன்றாவது லைனின் மீட்டர் முள் அசைந்தது.

செத்த லைன் அது. முள் நாலு ஆம்பியர் வரை ஏறியது... இறங்கியது. பக்கத்து லைனின் தூண்டல் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதினேன்.

6:05. சிவப்பு அட்டை ஆடியது. டர்பைன் அதிர்வு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் தொங்கிய பழைய அட்டைகள் ஆடவில்லை. அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

6:12. ஃபோன்.

“சயின்ஸு. வேலை முடிஞ்சது. பதினேழு. லைன் போடலாம்.”

மாமாவின் குரல்தான். அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். எண்ணும் சரி. ரிசீவரை வைக்கப் போனேன்.

மழைச் சத்தம் இல்லை.

என் ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. காற்று இல்லை. மூச்சும் இல்லை.

முதல் முறையாகக் கேட்டேன். “மாமா... எத்தனை பேர் ஏறினீங்க?”

“மூணு பேர்.”

“எத்தனை பேர் இறங்கினீங்க?”

பேனாவை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“நாலு பேர்.”

“மாமா, விளையாடாதீங்க.”

“நாலு பேர் இறங்கிட்டோம். லைன் போடலாம்.”

அதே குரல். அதே இழுப்பு. பதிவு செய்து திரும்பப் போட்டதுபோல.

“மாமா?”

“லைன் போடலாம்... லைன் போடலாம்...”

வைத்துவிட்டேன்.

“என்னவாம்?” என்றார் சார்.

சொன்னேன். சிரித்தார். “உங்க மாமா பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்கலையா? நம்பர் சரிதானே? போடு.”

“அவர் குரல் மாதிரிதான் இருந்துச்சு சார். ஆனா அவர் இல்ல.”

“பின்ன, அவரோட பேயா? போடும்மா.”

6:15. மறுபடி ஃபோன். ஆஸ்பத்திரி நர்ஸ்.

“ஜெனரேட்டர்ல இருபது நிமிஷத்துக்குத்தான் டீசல் இருக்கு. உள்ள ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன் நடக்குது. எப்ப விடுவீங்க?”

“பார்த்துச் சொல்றேன்” என்று வைத்தேன். சார் கையை நீட்டினார்.

“சாவி.”

“மாமாவை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன் சார்.”

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதேதான்.

“அங்க ஒரு உயிர் ஊசலாடுது. சாவியைக் குடு.”

“இங்க மூணு உயிர் சார்.”

“அவன்தான் இறங்கிட்டேன்னு சொன்னானே!”

“நாலு பேர்னு சொன்னாரு சார்.”

சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கினேன். அதன் பல் தோலில் பதிந்தது. “தரமாட்டேன்” என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை. சார் என்னை முறைத்தார். “அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்.”

6:21.

முள் அசைந்தது.

6:24.

அட்டை ஆடியது.

6:27. ஃபோன் அடித்தது. சார் எடுத்தார். கேட்டார். அவர் முகம் மாறியது. ரிசீவரை வைத்தார்.

“யாரு சார்?”

“‘லைன் போடலாம்’னு உங்க மாமா. அந்தப் பக்கம் மழையே இல்ல” என்றார். அதற்குப் பிறகு அவர் சாவி கேட்கவில்லை.

6:34. ஃபோன். யாரும் எடுக்கவில்லை. ஏழாவது முறை மணி அடித்தபோது நான் எடுத்தேன்.

மழை இரைந்தது.

“சயின்ஸு! இன்னும் மேலதான் தொங்கிட்டிருக்கோம். கம்பி அறுந்திருக்கு, அரை மணி ஆகும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு.”

“எத்தனை பேர் மாமா மேல?”

“மூணு பேர்தான். இந்த மழைல நாலாவதா எவன் வருவான்?”

அரை மணி ஆகும் என்று ஆஸ்பத்திரிக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

மூன்று பேரும் இறங்கிவிட்டதாக மாமா மழைச் சத்தத்தோடு கூப்பிட்டுச் சொன்ன பிறகு, 7:06-க்கு லைன் போட்டோம். அதுவரை ஆம்புலன்ஸிலிருந்து டீசலை உறிஞ்சி ஊற்றிச் சமாளித்தார்களாம். அந்தப் பெண் பிழைத்தாள்.

மறுநாள் காலை மாமா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“நேத்து ஏண்டி அப்படி உயிரை வாங்கின?”

“நானா?”

“எர்த்தை எடுங்க, எர்த்தை எடுங்கன்னு. சார் சொல்றார், அடுத்த கம்பத்துல மாட்டணும்னு நீதானே சொன்ன. படிச்ச புள்ள சொல்லுதேன்னு கழட்டினேன். மூணு பேரும் வெறுங்கம்பியைப் பிடிச்சிட்டு நின்னோம்.”

எர்த் என்பது வேலை நடக்கும் இடத்தில் கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டிவைப்பது. யாராவது தவறி மின்சாரத்தை விட்டாலும் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே நிற்பவருக்குக் கடைசிக் காப்பு அதுதான்.

“நான் உங்களைக் கூப்பிடவே இல்ல மாமா.”

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார்.

என் எண். வந்த அழைப்பு. நேரம் 6:12. ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

6:12-க்கு நான் கன்ட்ரோல் ரூம் ஃபோனில் அவர் குரலோடு பேசிக்கொண்டிருந்தேன். என் செல்போன் அன்று முழுவதும் லாக்கரில், அணைந்து கிடந்தது.

அதைச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. போட்ட டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. லைன் கிளியர் வேண்டுமென்றால் பதினாலு கிலோமீட்டர் பைக் ஓட்டிக்கொண்டு நேரில் வருகிறார். எண்ணை எழுதி வாங்கிக்கொள்கிறார். பிறகும் உடனே கிளம்புவதில்லை.

கதவருகே நின்று என் முகத்தையே பார்க்கிறார்... ரொம்ப நேரம்.

நான்தானா என்று.