ரப்பர் கட்டையில் நின்ற பள்ளிக்கூடம்

எனக்கு எழுத வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பண்டார் பாரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். அங்கே தங்கிப்போன பட்டாளம் பள்ளிக்கூடத்தை விறகாக எரித்துவிட்டது. பிள்ளைகளுக்காக நாங்களே திரும்பக் கட்டினோம். தூண் வெட்டுவது என் பொறுப்பு. நல்ல மரத்துக்குக் காட்டுக்குள் போக வேண்டும். அங்கே அட்டைக்கடி, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் பக்கத்தில் நின்ற ரப்பர் மரங்களையே வெட்டி நட்டேன்.

“ரப்பர் கட்டைய பூச்சி தின்னுடும்டா,” என்றார் கங்காணி.

“ஜப்பான்காரன் போற வரைக்கும் நின்னா போதும் லா, அண்ணே!”

எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டி முடித்த ஆறாம் மாதம் ஒரு காலை, பிள்ளைகள் வெளியே வரிசையாக நின்று, ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்தார்கள். தினமும் அப்படிச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் கூரை மொத்தமும் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. குனிந்து நின்றவர்களில் என் மகளும் ஒருத்தி. தூணை உடைத்துப் பார்த்தேன். உள்ளே வெறும் மாவு.

மறுநாளே காட்டுக்குப் போய் வைரம் பாய்ந்த மரமாக வெட்டி வந்தேன். இன்றும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் தூணைத் தட்டிப் பார்க்கிறேன்.

“தாத்தா, இது சிமெண்டு லா,” என்று வாத்தியார்கள் சிரிப்பார்கள்.

“இருக்கட்டும்பா,” என்று அடுத்த தூணுக்குப் போவேன்.