பச்சையம்மாள் செட்டு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியலூரில் பி.ஏ. ஆங்கிலம். மூன்றாம் வருடம், 2004இல், பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் ஊரில் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதை எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று எழுதி வாருங்கள் என்றார். நான் 'செட்' எடுத்தேன். அகராதியில் அதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருந்தது. எனக்கு அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் பச்சையம்மாள் பெரியம்மா இருந்தார்.

பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தா.பழூர் பக்கம் நடவு நடும் ஒரு செட்டுக்குத் தலைவி. அவரையும் என் அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். அவர் வாயில் அந்தச் சொல் படாத பாடு படும். "பம்பு செட்டுல குளிச்சிட்டு வரேன்." "கோயில்ல மைக் செட்டு கட்டிட்டான், இனி காது போச்சு." மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "நமக்கும் அந்த வூட்டுக்கும் செட்டாவாது." என்னைப் பார்த்து, "டேய், காலேஜ் செட்டோட சினிமாவுக்குப் போனியாமே?"

பெரிய விவசாயி காசிநாதன் பல் செட்டு கட்டிக்கொண்டபோது, "அந்த மனுசன் வாய மூடுனாலும் பல்லு சிரிக்குது" என்றார். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வருடம் தண்ணீர் இல்லாமல் கிடந்த வாய்க்காலில் அந்தப் புரட்டாசியில் தண்ணீர் வந்தது. காசிநாதனின் நான்கு ஏக்கரை நட பெரியம்மா செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை, எனக்குக் கல்லூரி இல்லை. நாற்றுக்கட்டு தூக்க நானும் போனேன்.

செட்டில் ஒருத்தி இருசம்மாள். புருஷன் இல்லை. ஆடி மாதம் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். குனிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். ஆனாலும் வந்திருந்தாள். ஒரு நடவில் நின்றுவிட்டவளை மறு நடவுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

காசிநாதன் வரப்பில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அதைக் கவனித்தார். வயலின் வடகிழக்கில், சனி மூலையில், முதல் நாற்றைத் தலைவிதான் வைப்பது வழக்கம். அன்று பெரியம்மா ஒரு கைப்பிடி நாற்று முடியை இருசம்மாள் கையில் கொடுத்தார். "இருசு, நீ வையி."

அவள் வைத்தாள். நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ பச்சையம்மா, இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் காசிநாதன். "பன்னண்டு பேருன்னா பன்னண்டு பேரும் நடணும். அவள அனுப்பிட்டு வேற ஆளக் கூட்டியா."

"அவ வரப்புல நின்னு முடி வீசட்டுங்க. அவ பங்க நாங்க பதினோரு பேரும் பிரிச்சு நட்டுர்றோம்."

"அவ இருந்தா நீங்க யாரும் வேணாம். எனக்கு வேற செட்டு கெடைக்கும்."

பெரியம்மா கரையேறி வாய்க்காலில் காலைக் கழுவினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். பெரியம்மா வீட்டு வாசலில் என் அம்மா, "வந்த வேலையும் போச்சே அக்கா" என்றாள். இருசம்மாள் அழுதாள். "என்னால எல்லாரு வாயிலயும் மண்ணு. நான் நின்னுக்கிறேன் அக்கா."

"வாய மூடிட்டு கஞ்சியக் குடி" என்றார் பெரியம்மா. அவர் தட்டும் அப்படியே இருந்தது.

காசிநாதன் மறுநாள் காலை கோடாலிகருப்பூருக்கு மொபெட்டில் போய், அங்கே செட்டு வைத்திருக்கும் முத்தாயியைக் கூப்பிட்டிருக்கிறார். முத்தாயி கேட்டது ஒன்றுதானாம்: "மொத நாத்து வச்சாச்சுங்களா?"

"ஒரே ஒரு முடிதான்."

"யாரு வச்சது?"

பச்சையம்மாள் செட்டு இருசம்மாள் என்று அவர் சொன்னதும் முத்தாயி கும்பிடு போட்டுவிட்டாள். ஒரு செட்டு முதல் நாற்று வைத்த வயலில், அவர்களாக விட்டுக்கொடுக்காமல் இன்னொரு செட்டு கால் வைக்காது. "வச்சவ வந்து 'நீ நடு'ன்னு சொல்லட்டுங்க, வரேன்."

இன்னும் இரண்டு ஊர் சுற்றியிருக்கிறார். அங்கேயும் அதே பேச்சு. நாற்றுக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது; இனியும் நடாவிட்டால் முற்றிப்போகும்.

மூன்றாம் நாள் காலை மொபெட் எங்கள் தெருவில் நின்றது. "நடவுக்கு வாங்க, வாங்க" என்றார் காசிநாதன், இறங்காமலேயே.

"எத்தன பேருங்க வரணும்?" என்று கேட்டார் பெரியம்மா.

"எல்லாரும்தான்" என்றார் காசிநாதன், தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு.

அன்று நானும் கூட இருந்தேன், கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு. இருசம்மாள் வரப்பில் நின்று நாற்று முடிகளை வீசினாள். ஒவ்வொன்றும் நடுகிறவளின் கைக்கெட்டும் தூரத்தில் போய் விழுந்தது. காசிநாதனுக்கு மனசு ஆறவில்லை. விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

"பதினொன்னுதான் குனிஞ்சிருக்கு."

"இன்னொன்னு உங்க பக்கத்துலதான் நிக்கிது, பாருங்க" என்றார் பெரியம்மா, நிமிராமலேயே.

காசிநாதன் திரும்பினார். இருசம்மாள் அடுத்த முடியை வீச, அதிலிருந்து தெறித்த சேறு அவர் வெள்ளை வேட்டியில் முழங்கால் வரை ஏறியது.

"தள்ளி நில்லுங்க ஐயா," என்றாள், "வேல நடக்குதுல்ல."