கயிறு கட்டிய மாடிப்படி

எங்கள் முடிச்சூர் வீட்டு மாடிப்படி, வெளிப்புறமாக ஏறும் இரும்புப் படி. வெள்ளம் வந்துபோன பிறகு அதைத் தாங்கும் கால்கள் அடியில் துருவேறி, நாளடைவில் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தன. வெல்டிங் கடைக்காரர் வந்து பார்த்தார். "அடிய மட்டும் கட் பண்ணிட்டுப் புதுசு வச்சிடலாம்க்கா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார்.

நான் விடுவேனா? குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், இரும்புக் குழாய்மேல் சணலையும் கண்ணாடி இழையையும் பசை போட்டு ஒட்டி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று நசுக்கிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுப் படிக்கு வெல்டிங்கா என்று ரோஷம் வந்துவிட்டது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"சாக்குத் துணியச் சுத்தியா இரும்ப நிக்க வைக்கப்போற?" என்று அப்பா சிரித்தார்.

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். அம்மா போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது சாயங்காலம் ஒன்றுதான். காபி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போவார். பக்கத்து வீட்டு சாரும் தன் மாடிக்கு வருவார். இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே கிரிக்கெட்டும் அரசியலும் இருட்டும்வரை ஓடும். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வேலை முடியும்வரை ஏறக் கூடாது என்று படியின் குறுக்கே கயிறு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். பசை வாங்க வெளியே போய்த் திரும்பினால், கால்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று நின்றன.

"வெறும் இரும்பு துருப்பிடிச்சிடுமேன்னு ரெட் ஆக்சைடு அடிச்சுட்டேன் பாப்பா" என்றார் அப்பா, பிரஷ்ஷும் கையுமாக.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பசை இரும்பைப் பிடிக்க வேண்டும், நடுவில் பெயிண்ட் இருந்தால் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும் என்று சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது. மறுபடி தேய்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ஒட்ட முடியாது. மூன்று வாரம் கழித்து மழை விட்டபோது மறுபடி துரு. அதையும் தேய்த்து, முதலில் கண்ணாடி இழை, மேலே சணல் என்று ஒருவழியாகச் சுற்றி முடித்தேன். பசை நன்றாக இறுகட்டும் என்று மேலும் சில நாள் கயிற்றை அவிழ்க்கவில்லை. அப்பா ஒரு தடவைகூட அதைத் தாண்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கயிற்றை அவிழ்த்த சாயங்காலம் டம்ளரோடு கிளம்பினார். நாலு படி ஏறினார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"முட்டி மடங்க மாட்டேங்குதும்மா" என்று மெல்ல இறங்கி வந்தார்.

தினம் ஏறி இறங்கியதில்தான் அந்த முட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர், தைலம், பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. கடைக்காரர் ஒரே நாளில் முடித்திருப்பார். ஐயோ, அன்றைக்கு அவரை விட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது மனசு.

இப்போதும் அந்த நேரத்துக்கு மேலிருந்து குரல் வரும். "சார், படி ரெடியாயிடுச்சா?"

அப்பா முற்றத்திலிருந்து அண்ணாந்து கத்துவார். "சூப்பரா இருக்கு சார்! என் பொண்ணு பண்ணது. யானையே ஏறலாம்!"

பக்கத்து வீட்டு சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், எதிரெதிரே நின்று பேசினால்தான் கேட்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.