மிதவையில் ஒரு ஊசி ஓட்டை

காபரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்த நாள் முதல் என் வீட்டுச் சோற்றில்கூடப் பெற்றோல் மணந்தது. எங்கள் பழைய மொரிஸ் மைனர் காரின் காபரேட்டர், எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டுகிற சாமான். என் தம்பி என் கணவரை அந்தக் காரில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வழியில், பெற்றோல் பொங்கி வழிந்து கார் நின்றுவிட்டது.

"புதுசு ஒண்டு வாங்கி அனுப்புறன், பூட்டுங்க" என்று வெளிநாட்டிலிருந்து மகன் சொன்னான்.

"பழசை நானே சரிபண்ணுவன். எனக்குக் கை வந்திட்டு" என்றார் என் கணவர்.

கை என்றது வலது கையை. பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு அது மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. கோப்பை பிடிக்கும், சட்டைப் பொத்தான் பூட்டும். உணர்வு? "எல்லாம் தெரியுது" என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார், என்னிடமும் சொன்னார். உணர்வு முழுதாகத் திரும்பினால்தான் கார் ஓட்டலாம் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திராது. அவர் விழுந்த நாளிலிருந்து நானும் மரத்துப்போய்த்தான் கிடந்தேன். சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், ஏசினேன். ஏச்சு மட்டும் குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், காபரேட்டருக்குள் இருந்த பித்தளை மிதவையை எடுத்து என் காதடியில் குலுக்கினார். உள்ளே களக் களக் என்றது.

"கேட்டியா? உள்ளுக்குப் பெற்றோல் போயிருக்கு. இது மிதந்து எழும்பினாத்தான் பெற்றோல் வாறது அடைபடும். இப்ப பாரத்தில பாதி தாண்டு கிடக்கு, அதுதான் வழியுது. ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. கொதிதண்ணிக்குள்ள அமத்தினா குமிழி வரும். ஈயம் வெச்சு அடைச்சா இன்னும் இருவது வருசம் ஓடும்."

"காரா, நீங்களா?" என்றேன். சிரித்தார். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பெற்றோலோட அடுப்படிக்குள்ள வந்தீங்களோ, கொன்றுபோடுவன்!" என்று ஏசிவிட்டு, கொதித்த தண்ணீரைச் சட்டியோடு இறக்கி, பின்வளவில் வாவிப் பக்கம் கிடந்த வாங்குப் பலகையில் கொண்டுபோய் வைத்தேன். மிதவையைப் போட்டார். அது மிதந்தது. கரண்டியால் அழுத்தினால் வழுக்கி வழுக்கி மேலே வந்தது. குனிந்து குனிந்து அழுத்தினார்.

குமிழி வந்தது. ஈயம் பற்றவைத்த விளிம்பிலிருந்து, ஊசிமுனை அளவில், விடாமல் வந்தது.

"பார்! பார்! சொன்னனா இல்லையா?"

நான் குமிழியைப் பார்க்கவில்லை. கரண்டியோடு சேர்ந்து அவருடைய வலது கையும் இறங்கியிருந்தது. விரல்கள் நாலும் தண்ணீருக்குள் இருந்தன.

"என்ட மாதாவே! கையை எடுங்க!"

"பொறு, இன்னும் வருது…"

நான்தான் இழுத்தெடுத்தேன். குழாயடிக்குக் கூட்டிப்போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோகுதா?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது! எனக்கு அழுகையும் வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

"மகனிட்டப் புதுசையே அனுப்பச் சொல்லு" என்றார் கடைசியில். "உன்ட தம்பி ஓட்டட்டும்."